எண்ணூற்று இருபது ஓம்

மீற்றர் கண்ணாடியில் ஓர் ஒட்டுப்பொட்டு.
உரித்தேன்.
அடியில், மடியில் பந்து வைத்த சின்ன மனிதன்
சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தான்.

"மூண்டு மாசமா உப்பிடித்தான்" என்றார் ஞானசீலன்.
"இரவில கண்ணுக்குக் குத்துதெண்டு மனிசி ஒட்டினவ.
சனிக்கிழமை மல்லாவியில இருந்து வாங்க வருகினம்.
பல்பை மட்டும் கழட்டிவிடு தங்கச்சி, காணும்."

ஸ்கேனரைக் கொழுவினேன்.
முன் இடப்பக்க மோதல் சென்சர்.
சுற்று எங்கேயோ அறுந்திருக்கிறது.

"மாடு ஏதும் அடிச்சனீங்களோ?"

அவர் வீதியைப் பார்த்தார்.
கொழும்பு பஸ் ஒன்று மாங்குளம் சந்தி தாண்டி
மறையும்வரை பார்த்தார்.
"கனகராயன்குளத்தடியில. போன மாரி.
மாட்டுக்கு ஒண்டுமில்லை."

பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றித்
துணி சுற்றி ஒதுக்கினேன்.
இனிப் பத்து நிமிடம் ஒன்றும் செய்வதில்லை.
கப்பாசிற்றருக்குள் மிச்சம் கிடக்கும்,
ஒரு வெடிப்புக்குக் காணுமான மிச்சம்.

அவரால் பொறுக்க முடியவில்லை. நடந்தார்.
எனக்குப் பழக்கம்.
ஆறு வருசம் முகமாலையில் முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம் துடைத்தவள்.
முகமூடிக்குள் வேர்வை மூக்கால் ஒழுகும்.
துடைக்கக் கை போகாது.
அங்கே கருவி கூவினால் நிற்கவேணும்.
இங்கே மீற்றர் கூவினால் வயர் உயிரோடு இருக்கிறது.
காதை மாற்றி மூன்று வருசம்.
இன்னும் சில வேளை
கூவின உடனே கை அந்தரத்தில் நின்றுவிடும்.

அங்கே சிவப்புத் தடி.
இங்கே மஞ்சள் சொக்கற்.
சுக்கானுக்குள் இருப்பதும் மருந்துதான்.
அதற்கு மீற்றர் ஊசியைக் காட்டக்கூடாது,
மீற்றரின் குட்டிப் பற்றறியே அதை எழுப்பிவிடும்.
ஆளைக் காக்க வெடிக்கிற மருந்து என்றால்
என் பழைய அணிப் பெட்டைகள்
வயிறு நோகச் சிரிப்பார்கள்.

மஞ்சளைக் கழற்றினேன். பம்பரை இறக்கினேன்.
தீப்பெட்டியளவு சென்சர்,
முதுகில் முன்னோக்கிய அம்புக்குறி.
இரண்டு காலிலும் ஊசி வைத்தேன்.
எண்ணூற்று இருபது ஓம்.
படத்தில் போட்டிருப்பதும் அதுதான்.
கேட்டால் ஓம் என்று சொல்கிற சாமான்.
அந்த ஓம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

வயரைப் பிடித்துக்கொண்டு போனேன்,
லைற்றுக்குப் பின்னால்,
தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே.
கறுப்பு ரேப். அதற்குள் சொப்பிங் பை.
அதற்குள் கையால் முறுக்கிய இரண்டு முறுக்கு,
குளத்துப் பாசிபோல் பச்சையாய்.
தொட்டேன். ஒன்று உதிர்ந்தது.

ஞானசீலன் குனிந்தார்.
"வவுனியாவில பதினெட்டாயிரம் வாங்கினவன்" என்றார்.
பிறகு மாட்டையும் சேர்த்துத் திட்டினார்.

செம்பு சிவக்கும்வரை வெட்டினேன்.
நாலு விரல் நீளம் போயிற்று.
புது வயர், நசுக்கிய குழல்,
சூட்டில் சுருங்கும் உறை.
இரண்டையும் பழையபடி பின்னிவிட்டேன்.
மாடு வளைத்த தகட்டை நிமிர்த்தி
அம்பு வீதியைப் பார்க்கப் பூட்டினேன்.

"உள்ளுக்க ஒருத்தரும் இருக்கப்படாது."

பற்றறியைக் கொடுத்து,
வெளியில் நின்றபடி கை நீட்டித் திறப்பைத் திருப்பினேன்.
சின்ன மனிதன் எரிந்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலில் ஞானசீலனும் சேர்ந்து எண்ணினார்.
ஆறில் அணைந்தான்.

"பல்பைக் கழட்டியிருந்தாலும்
இப்பிடித்தானே இருந்திருக்கும்?"

"இல்லை. முதல் ஆறும் எரிஞ்சிராது.
வாங்க வாறவையையும் எண்ணச் சொல்லுங்கோ."

அவர் பொட்டைத் தேடினார்.
மனிசி கேட்பாவாம்.
அது என் முழங்கையில் ஒட்டிக் கிடந்தது,
கிறீஸ் பூசி.
வாங்கிக் கண்ணாடி மூலையில் ஒட்டினார்.

பல்பு கழற்றப் பேசிய காசைத் தந்தார்.
மிச்சம் சனிக்கிழமை என்றார்.

ஓம் என்றேன்.